கதவைச் சாத்தினால் முனகும் வண்டி

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவன் அம்மாவுக்கே கோபம் வந்தால்தான் நினைவுக்கு வரும். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவன் 'சுத்தம்'தான். கார்களுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டுகிற கடை வைத்திருந்தான். யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, முன்னால் வேறொருவன் செய்துவைத்த ஒயரிங்கை ஒரு பார்வை பார்ப்பான். தலையை வெளியே எடுக்காமலேயே "சுத்தம்!" என்பான். அந்த ஒரு சொல்லில் வேலை செய்தவன், அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவன், அவனிடம் வண்டியை விட்டவன் என்று மூன்று பேரும் அடிபட்டுப் போவார்கள்.

வேலை நன்றாகச் செய்வான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் இழுத்த ஒயர் வண்டி பழைய இரும்புக்குப் போகிற வரைக்கும் இழுத்தபடியே கிடக்கும். ஆனால் அந்தக் கைக்கு மேலே ஒரு வாய் இருந்ததே, அதுதான் கஷ்டம். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பெண் வீட்டுச் சுவிட்சு போர்டைப் பார்த்து அபிப்பிராயம் சொன்னான். பேச்சு அங்கேயே நின்றது. "உன் வாய்க்குத் தனியா ஒரு வீடு பாத்துக் குடி வெச்சாத்தான் நீ உருப்படுவ" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அந்த வாய்தான் தங்கையையும் துரத்தியது. ஒரே தங்கை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் சின்னச் சின்ன சத்தமாக அனுப்பி, கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லி, தாளில் கோடு போடுவார். கல்யாணம் முடிந்த வாரம், இருபது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில், சுத்தம் வாயைத் திறந்தான்.

"கேக்குதா, கேக்கலையா, விரலைத் தூக்கு. இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்! ஒரு கிளியப் பழக்கினா அது செய்யாதா மாப்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவள் அன்றைக்கு நிறுத்தினாள் பேச்சை. அம்மாவைப் பார்க்க வாராவாரம் வருவாள். அவன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவாள். அவளுக்குப் பிறந்த பெண்ணுக்கு இப்போது நாலு வயது. அந்தக் குழந்தையின் பின்னந்தலையைத்தான் இவன் பார்த்திருக்கிறான்.

அம்மா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். தங்கை ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: "எங்க வீட்டுக்காரரு சொன்னது சரின்னு அவன் வாயால ஒரே ஒரு தடவ சொல்லட்டும். எதப்பத்தி வேணா இருக்கட்டும். மழை வரும்னு அவரு சொல்லி, ஆமான்னு இவன் சொன்னாக்கூடப் போதும். அன்னைக்குப் பேசுறேன்."

கேட்க எவ்வளவு சுலபம்! ஆறு வருடம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை எதிரே இருக்கும்போது மழை பெய்தால்கூட இவன் அதைத் தூறல் என்றுதான் சொன்னான்.

இப்படி இருக்கையில் தங்கை புதுக் கார் வாங்கினாள். வேலைக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வழியெல்லாம் பாட்டுதான் துணை. கம்பெனிக்காரன் வைத்த ஸ்டீரியோவில் மேளம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கிறதாம். அம்மா இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளைகிட்ட வண்டியக் குடுத்து உன் கடைக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். ஒழுங்கா செஞ்சு குடு. அவரு எதாச்சும் சொன்னா ஆமான்னு தலையாட்டு. தலைதானே, கழண்டா விழுந்திடும்?"

"அவரு சரியாச் சொன்னா ஆட்டுறேம்மா."

"சரியா தப்பான்னு பாக்க நீ யாருடா, ஜட்ஜா?"

வண்டி வந்தது. மாப்பிள்ளை இறங்கினார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். எதைக் கேட்டாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்தச் சாய்வைப் பார்த்தாலே சுத்தத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாங்க மாப்ள" என்றான். வாயில்தான் மாப்பிள்ளை, கண்ணில் அந்தக் கிளி.

"மச்சான், இந்த ஸ்கிரீன் செட்டைக் கழட்ட வேணாம்னு அவ சொன்னா. ஏசி, பின்னாடி பாக்குற கேமரா எல்லாம் அதுலதான் இருக்கு."

"கழட்டுறதுன்னு யாரு சொன்னா? கழட்டுறவன் கடை எதுத்தாப்புல இருக்கு, அங்க போங்க."

கதவின் உள்பலகையைக் கழற்றி ஸ்பீக்கரைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகமே வந்துவிட்டது. திட்டுவதற்கு இவ்வளவு கிடைத்தால் யாருக்குத்தான் வராது? "இது ஸ்பீக்கரா? டீ குடிச்சிட்டுத் தூக்கிப் போடுற கப்பு. ஒயரப் பாருங்க, தலைமுடி இதவிடத் தடிப்பா இருக்கும். இன்னொரு அயோக்கியத்தனம் தெரியுமா? சத்தத்தக் கூட்டக் கூட்ட இந்த செட்டு மேளத்த மட்டும் தானாக் குறைச்சிடும். ஸ்பீக்கரு கிழிஞ்சிடுமோன்னு பயம். பயந்தாங்கொள்ளி கம்பெனி!"

மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். அவன் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னான்.

அந்த இரண்டு நாளும் அவன் வேறு வண்டியைத் தொடவில்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸை வைத்தான். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகரத்தில் ரப்பர் வளையம் போட்டு, விரல் கனத்துச் சிவப்பு ஒயரை டிக்கி வரை கொண்டுபோனான். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் கண்ணாடி மாதிரி மின்னுகிற வரை தேய்த்து, அதன் மேல் போல்ட்டை இறுக்கினான். கம்பெனி செட்டில் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி வழி கிடையாது. அதனால் பின் ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்திலிருந்தே கொஞ்சத்தைப் பிரித்து, ஒரு சின்னப் பெட்டி வழியாகத் தணித்து, ஆம்ப்புக்குக் கொடுத்தான். ஆம்ப்பிலிருந்து டிக்கியில் புதிதாக வைத்த பேஸ் பெட்டிக்கு, மேளத்தைக் கனமாகக் கொடுக்கிற பெட்டி அது. பானைக்குப் போகிற தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு செடிக்கு ஊற்றுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் சங்கதி. கம்பெனி ஒயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. பின்சீட்டைத் தூக்கியபோது அடியில் உள்ளங்கை நீளத்தில் குழந்தையின் சாக்ஸ் ஒன்று கிடந்தது. அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தான்.

எல்லாம் முடிந்து சோதனை. இங்கேதான் அவனுக்கு ஒரு பழக்கம். எந்த வண்டியாக இருந்தாலும் டிரைவர் கதவை விரியத் திறந்து, சீட்டின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டுதான் பாட்டுப் போட்டுப் பார்ப்பான். உள்ளே முழுசாக உட்கார மாட்டான். வாடிக்கையாளர்களின் வாசனைப் புட்டிகளும், சீட்டு உறைகளும், தலையாட்டுகிற பொம்மைகளும் அவனுக்கு அவ்வளவு இளக்காரம். "நான் வண்டியில உக்கார்றவன் இல்ல, வண்டிய உக்கார வெக்கிறவன்" என்று கேட்பவர்களிடம் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான். எஞ்சினை ஓட விட்டான். இரைச்சல் இல்லை. பாட்டைப் போட்டான். மேளம் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. "இது வேலை" என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

வண்டியைக் கொண்டுபோன மாப்பிள்ளை மறுநாளே திரும்ப வந்தார்.

"மச்சான், பாட்டு பிரமாதம். ஆனா ஒரு முனகல் வருது. ரொம்பக் கீழ்ஸ்தாயி. யாரோ பக்கத்து ரூம்ல வயித்து வலியில முனகுற மாதிரி."

"பாட்டுல இருக்கும்."

"பாட்ட நிறுத்தினாலும் வருது."

சுத்தம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். இப்படி ஒரு சந்தர்ப்பம் அவனுக்கு மாதக் கணக்கில் கிடைத்ததில்லை.

"பாட்டு நின்ன பிறகு சத்தம் கேக்குதுன்னா அது உங்க காதுல மாப்ள. ஆஸ்பத்திரியிலதான இருக்கீங்க, நீங்களே ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்க. ஊழியருக்கு இலவசமா இருக்கும்."

மாப்பிள்ளை கோபப்படவில்லை. அவர் கோபப்படாததுதான் இவனுக்கு இன்னும் கோபம். கதவைத் திறந்தான், பாதி உட்கார்ந்தான், காலை ஊன்றினான், எஞ்சினைப் போட்டான். ஒரு முனகலும் இல்லை. "கேக்குதா?" என்றான். "இப்பக் கேக்கலை" என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். "சுத்தம்!" என்றான் இவன்.

மூன்றாம் நாள் மறுபடியும் வந்தார். இந்த முறை சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் கோடு போட்டிருந்தார்.

"மச்சான், ஓடும்போது கவனிச்சேன். எஞ்சின் நின்னா முனகலும் நிக்குது. கண்ணாடிய இறக்கினா நிக்குது. ஏத்தினா வருது."

"அப்ப இறக்கிட்டே ஓட்டுங்க. காத்தும் வரும்."

"கதவச் சாத்திப் பாருங்களேன், மச்சான். ஒரே ஒரு தடவ."

ஒரே ஒரு தடவை! கதவைச் சாத்தி உள்ளே உட்கார வேண்டும், இவர் சொன்னதற்காக. அதுவும் எதிர்க்கடைக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது. "முப்பது வருஷமா நான் பாக்காத வண்டியா? தாளக் காட்டி எனக்குப் பாடம் எடுக்குறீங்களா? எர்த்த ஒரு தடவ இறுக்கி விடுறேன், எடுத்துட்டுப் போங்க" என்றான். ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டை ஒப்புக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு அனுப்பினான்.

அன்று சாயங்காலம் அம்மா அவனுக்கு முன்னால் தட்டை வைத்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

"அவ போன் பண்ணினா. அந்தப் பெட்டியப் பிடுங்கி உன் கடை வாசல்ல போட்டுட்டு, எதுத்த கடையில வேற மாட்டிக்கப் போறாளாம். நாளைக்கே."

"எதுத்த கடையிலயா? அவன் ஃபியூஸே போட மாட்டாம்மா! வண்டி எரிஞ்சிடும்!"

"எரியட்டும். நீ வயிறு எரியாம தூங்கு."

அவன் சாப்பிடவில்லை. எதிர்க்கடைக்காரன் வேலையைப் பார்த்து முப்பது வருடமாகச் சிரித்தவன், அவன் கை தன் தங்கை வண்டியில் படுவதை நினைத்தபோது சிரிக்க வரவில்லை. அதைவிட இன்னொன்று உறைத்தது. இந்த வண்டியும் போய்விட்டால் அவளிடம் போக வேறு வழியே கிடையாது. அம்மாவும் இனித் தூது போக மாட்டாள்.

மறுநாள் காலை வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது தங்கை. பக்கத்தில் மாப்பிள்ளை. எதிர்க்கடைக்கு நேராக வண்டியின் மூக்கை வைத்து நிறுத்தியிருந்தாள். சுத்தம் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினான். குழந்தைக்கான தனிச் சீட்டு பாதி இடத்தை அடைத்திருந்தது. மீதியில் முழங்கால் தாடையில் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்தான்.

"இப்பப் பாத்துடலாம்" என்றான், யாரையும் பார்க்காமல்.

தங்கை புருஷனிடம் சொன்னாள்: "கதவச் சாத்தச் சொல்லுங்க."

"மச்சான், கதவு..."

"கேட்டுச்சு" என்று சாத்தினான்.

"பெல்ட்டு போடச் சொல்லுங்க."

"போட்டாச்சுன்னு சொல்லுங்க."

வண்டி கிளம்பியது. கடைத்தெரு முடிந்து பெரிய சாலைக்கு வந்தது. கண்ணாடிகள் ஏறின. பாட்டு இல்லை. மாப்பிள்ளை முன்னாலிருந்து மெல்லத் திரும்பினார். அவருக்கு அது வேலைப் பழக்கம், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

"மச்சான், எப்பக் கேக்குதோ அப்ப விரலைத் தூக்குங்க."

தங்கையின் தோள் ஒரு முறை குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. சுத்தம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். கிளி சொல்லி விரலைத் தூக்குவதா? செத்தாலும் மாட்டான்.

அப்போது வந்தது அது. காதுக்கு வருவதற்கு முன்பே முதுகில் வந்தது. பிறகு பல்லில். பக்கத்து அறையில் யாரோ வயிற்று வலியில் முனகுகிற மாதிரி, அவர் சொன்னாரே, அதே மாதிரி. வண்டி வேகம் கூட முனகலும் கொஞ்சம் ஏறியது. குறைக்க இறங்கியது. இறங்கிவிடலாமா என்று அவன் கைப்பிடியை இழுத்தான். நல்ல வேளை, குழந்தைக்காகப் போட்ட பூட்டு, உள்ளேயிருந்து திறக்காது.

"கண்ணாடியில பாத்தேன். எங்கயோ குதிக்கப் பாக்குறாரு உங்க மச்சான்" என்றாள் தங்கை, சாலையைப் பார்த்தபடி.

முனகல் விடவில்லை. சுத்தத்தின் வலது கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ஆட்காட்டி விரல் தானாக மேலே எழுந்தது. அவன் தூக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வான். ஆனால் விரல் எழுந்த இடத்தில் கூரை இருந்தது, கூரையில் விளக்குக்குப் பக்கத்தில் குண்டூசி நுழைகிற அளவில் நாலு துளை இருந்தது. அந்தத் துளைகளை அவன் விரலால் தடவிப் பார்த்தான்.

"ஓரமா நிறுத்தச் சொல்லுங்க மாப்ள."

நிறுத்தினாள். அவன் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து விளக்கின் மூடியை நெம்பினான். உள்ளே பட்டாணி அளவில் ஒரு மைக். முன்பக்க விளக்கருகே இன்னொன்று.

விஷயம் இதுதான். எஞ்சின் இரைச்சல் உள்ளே கேட்கக் கூடாது என்று கம்பெனிக்காரன் கூரையில் மைக் வைத்திருக்கிறான். மைக் இரைச்சலைக் கேட்கும். செட் அதற்கு எதிராக இன்னொரு சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டு அதை அடக்கும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். கதவோ கண்ணாடியோ திறந்திருந்தால் மட்டும் நின்றுவிடும். அந்த டீக் கப்பு ஸ்பீக்கரில் அது முணுமுணுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. இவன் டிக்கியில் ஓர் ஆனையைக் கட்டி வைத்தான். அடக்க அனுப்பிய சத்தம் ஆனையின் வாய் வழியாக வந்தது. அதைக் கேட்ட மைக், ஐயோ இன்னும் இரைச்சல் என்று இன்னும் அனுப்பியது. ஒருத்தரை ஒருத்தர் அடக்கப் பார்த்து இரண்டு பேரும் கத்துகிற வீடு மாதிரி ஆகிவிட்டது வண்டி. புது வண்டிகளில் இப்படி ஒன்று வருகிறது என்று அவனிடம் யாரோ ஒரு தாள் கொடுத்துத்தான் இருந்தார்கள். படித்து வேலை செய்கிறவனுக்குக் கைத்திறன் இருக்காது என்று அதில் ஸ்பேனர் எண்ணெயைத் துடைத்தான்.

ஒரு நாள் கதவைச் சாத்தியிருந்தால் போதும். அவ்வளவுதான்.

இரண்டு மைக்கின் பிளக்கையும் பிடுங்கினான். "ஓட்டச் சொல்லுங்க" என்றான். வண்டி ஓடியது. முனகல் போய்விட்டது. அதற்குப் பதிலாக, இத்தனை நாளும் மறைந்திருந்த எஞ்சின் சத்தம் உள்ளே வந்து ஊறியது. மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டார், சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். இவனுக்கு ஏதாவது பதில் கிடைத்திருக்கும்.

சுத்தம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தப்பு கதவில் என்று சொல்லலாம். கம்பெனியில் என்று சொல்லலாம். இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தான். முன்னால் தொங்கிய கண்ணாடியில் தங்கையின் கண் தெரிந்தது. எதிர்பார்க்கிற கண் இல்லை அது. எதிர்பார்த்துச் சலித்துப்போன கண்.

"மாப்ள சொன்னது சரி" என்றான்.

"கேக்கல" என்றாள் தங்கை. புருஷனிடம் இல்லை, நேராக இவனிடம்.

"பேசிட்ட! இப்ப எங்கிட்டப் பேசிட்ட!"

"பேசல. கேக்கலன்னு சொன்னேன். எஞ்சின் சத்தமா இருக்கு."

சிக்னலில் வண்டி நின்றது. அவள் பொத்தானை அழுத்தி நாலு கண்ணாடியையும் இறக்கினாள். பக்கத்தில் ஒரு பஸ், அதில் ஜன்னலோரமாக எட்டு பத்துத் தலைகள்.

"மாப்ள சொன்னது சரி!" என்று சுத்தம் கத்தினான். "நான் சொன்னது தப்பு! கிளின்னு சொன்னதும் தப்பு! போதுமா?"

பஸ்ஸில் ஒருவர் கைதட்டினார். மாப்பிள்ளை சங்கடப்பட்டு, "விடு, பாவம்" என்று மனைவியின் கையைத் தொட்டார்.

"என்ன பாவம்? ஆறு வருஷம்! உன் நாக்குல என்ன துருவா பிடிச்சிருந்துது அண்ணா? எம் பொண்ணு உன்ன 'கடைக்காரர்'னு சொல்றா, தெரியுமா? பாட்டுப் பெட்டிக் கடைக்காரர்னு! அம்மா உன்னப் பெத்ததுக்கு ஒரு ரேடியோவப் பெத்திருக்கலாம், அதுலயாவது நிறுத்துற குமிழ் இருக்கும்..."

பச்சை விழுந்தது. அவள் திட்டிக்கொண்டே வலது பக்கம் ஒடித்தாள். பின்னால் வந்த வண்டி ஒன்று ஹாரனை அழுத்தியது. கடைக்குப் போகிற வழி இது இல்லை, அவள் வீட்டுக்குப் போகிற வழி. கடை திறந்து கிடந்தது. காலில் செருப்பு இல்லை. சுத்தம் குழந்தைச் சீட்டின் மேல் கையைப் போட்டுக்கொண்டு வசவுகளைக் கேட்டுக்கொண்டே வந்தான். இரண்டாவது தெருத் திருப்பத்தில் மட்டும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"இண்டிகேட்டர் போடாமத் திரும்புற! எவன் உனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தான்?"

"எங்க வீட்டுக்காரரு."

முன்சீட்டில் மாப்பிள்ளையின் கழுத்து மெல்லச் சிவந்தது. சுத்தம் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"பரவால்ல" என்றான், ஒவ்வோர் எழுத்தாக மென்று. "நல்லாத்தான் ஓட்டுற."